இரண்டாம் வயலினுக்காகக் காத்திருந்தவர்கள்

வெள்ளமடை மில் ஆர்க்கெஸ்ட்ராவில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், அதில் பதினேழு பேர் ஒரே விடியற்காலையில் இறந்துபோனார்கள், இறந்த நாற்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

வேதமாணிக்கம் மாஸ்டர்தான் அதை உண்டாக்கினவர். மெட்ராஸில் சினிமா ரிக்கார்டிங்குகளில் பதினாலு வருஷம் வயலின் வாசித்துவிட்டு, என்ன கசப்போ, ஒருநாள் பெட்டியோடு ஊருக்குத் திரும்பி எங்கள் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தவர், பஞ்சு உடைக்கிறவனிடமும் நூல் சுற்றுகிறவளிடமும் என்னத்தைக் கண்டாரோ, ஆறு வருஷத்தில் அவர்களை ஒரு ஆர்க்கெஸ்ட்ரா ஆக்கினார். கொதிகலனில் கரி தள்ளிய சுடலைமுத்து டிரம்பெட் ஊதினான். மெஷின் பழுது பார்த்த பிட்டர் ஞானமுத்து கிளாரினெட். நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை பார்த்த எப்சிபா இரண்டாம் வயலின்களுக்குத் தலைமை. ஞானமுத்துவுக்கும் எப்சிபாவுக்கும் நாற்காலி பக்கத்துப் பக்கத்தில் விழுந்தது, அடுத்த வருஷம் வீடும் ஒன்றாகிவிட்டது; அவர்கள் கல்யாணத்துக்கு வாசித்த மேளம் சரியில்லை என்று மணமக்கள் இருவருமே முகம் சுளித்ததை நாங்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தோம்.

மாஸ்டர் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு இசை எழுதினார். அதற்குப் பெயர் வைக்கவில்லை. அதில் யாரும் பாடாவிட்டாலும் நாங்கள் அதைப் பெரிய பாட்டு என்றோம். மில் ஆண்டுவிழாவில் கேன்டீன் கொட்டகையில் அதை வாசிப்பது என்றும், சவுண்ட் செட் பிச்சையா அதைக் கேசட்டில் பிடிப்பது என்றும் முடிவானது. ஆள் யாரும் இல்லாத நேரத்தில், மின்விசிறியை எல்லாம் நிறுத்திவிட்டுத் தனியாகப் பதிவு செய்யலாமே என்று பிச்சையா கேட்டான்.

"வேண்டாம்" என்றார் மாஸ்டர். "மெட்ராஸ்ல துண்டு துண்டாத்தான் வாசிச்சேன். தப்பு வந்தா அழிச்சிட்டு மறுபடியும். கடைசியில கேட்டா ரொம்பச் சுத்தமா இருக்கும், உள்ள ஒரு ஆளும் இருக்க மாட்டான். இது ஒரே தடவை. சனங்க முன்னால. இருமுறவன் இருமட்டும்."

அப்படியே நடந்தது. கொட்டகை விட்டத்தில் இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு பிச்சையா பிடித்த அந்தக் கேசட்டில் மின்விசிறியின் சத்தம் இருந்தது, தம்ளர் உருண்ட சத்தம் இருந்தது, யார் வீட்டுப் பிள்ளையோ அழுதது இருந்தது, இருபத்துமூன்றாம் நிமிஷத்தில் சுடலைமுத்துவின் டிரம்பெட் ஒரு இடத்தில் வழுக்கி, வெட்கப்பட்டதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு ஓடிப்போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டதும் இருந்தது. பன்னிரண்டாம் நிமிஷத்தில் எல்லாரும் அடங்க எப்சிபாவின் வயலின் மட்டும் தனியாக ஒரு மெட்டை எடுக்கும், அவள் முடிக்கும் இடத்தில் ஞானமுத்துவின் கிளாரினெட் பதில் சொல்லும், அதற்குப் பிறகுதான் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்து எழும்பும். அந்த இடம் வரும்போது கேன்டீனில் வடை போட்டுக்கொண்டிருந்தவர்கூட கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் கயத்தாறு பக்கம் ஒரு ஊர்க் கோயில்கொடைத் திருவிழாவுக்கு வாசிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது, மூன்று நாள் மழையில் கரை கரைந்திருந்த குளத்துக்குள் வேன் இறங்கிவிட்டது. எப்சிபா அதில் இல்லை. இரண்டு வயது மகள் ஜாய்ஸுக்குக் காய்ச்சல் என்று அவள் வீட்டில் இருந்துவிட்டாள்.

நாற்பதாம் நாள், கிறிஸ்தவர்களான வேதக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து, பதினேழு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரு அஞ்சலி வைக்கலாம் என்று கொட்டகையில் கூடினோம். பிச்சையா கேசட்டைப் போட்டான். முதல் பன்னிரண்டு நிமிஷம் நாங்கள் அழுதுகொண்டு கேட்டோம். பிறகு எல்லா வாத்தியமும் அடங்கியது, அடங்கினது அடங்கினபடி இருந்தது. எப்சிபாவின் வயலின் வரவில்லை. நாடா சிக்கிக்கொண்டதென்று பிச்சையா குனிந்து பார்த்தான். சக்கரங்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஸ்பீக்கருக்குள் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். யாரோ காகிதம் புரட்டினார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமுவது கேட்டது, அவர் மனைவி சாராள் டீச்சர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் கிளாரினெட், ரொம்ப மெதுவாக, ஒரே ஒரு சுரத்தைக் கொடுத்தது, பக்கத்து நாற்காலிக்காரிக்குச் சுதி கொடுப்பதுபோல. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கொடுத்தது.

எப்சிபா எழுந்து வெளியே போனாள். எதிர்த்த வரிசையில்தான் அவள் வீடு. வயலினோடு வந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெள்ளைச் சேலை முந்தானையைத் தோளில் மடித்து வைத்து, தன் மெட்டை வாசித்தாள். முடித்த இடத்தில் அவள் புருஷன் பதில் சொன்னான். பதினேழு பேரும் எழும்பினார்கள். இருபத்துமூன்றாம் நிமிஷத்தில் சுடலைமுத்து வழுக்கவில்லை, அந்த இடத்தை அவ்வளவு சுத்தமாகத் தாண்டினான். கூட்டத்தில் இருந்த அவன் மனைவி பேச்சியம்மாள், "நல்லா ஊதுதாவ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், வழக்கமாகச் சொல்கிற மாதிரியே.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி அதற்கென்று ஆகிவிட்டது. மில் நிர்வாகம் அரை ஷிப்டை மாற்றிக்கொடுத்தது. போதகர் மாலை ஆராதனையை ஆறுக்குத் தள்ளினார், இசக்கியம்மன் கோயிலில் விளக்குப் பூஜையை ஆறரைக்கு வைத்தார்கள். இடது ஸ்பீக்கரில் வயலின்கள், வலது ஸ்பீக்கரில் ஊதுகிறவர்கள் என்று தெரிந்ததும் பெண்கள் அவரவர் வீட்டுக்காரர் பக்கம் நாற்காலி போட்டார்கள், டிரம் வாசித்த இரண்டு பேரின் தாய்மார்களுக்குள் எந்த ஸ்பீக்கர் என்று ஆறு மாதம் சண்டை நடந்து, கடைசியில் இருவரும் நடுவில் உட்கார்ந்தார்கள். பிச்சையா எடுத்து வீடு வீடாகக் கொடுத்திருந்த பிரதிகளில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அவர்கள் மூலக் கேசட்டில்தான் இருந்தார்கள். அவன் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், மழை வந்தால் சட்டையைக் கழற்றி அதன்மேல் பொதிவான்.

ஒவ்வொரு வாரமும் வாசிப்பு வேறாக இருந்தது. அவர்களுக்குக் காது இருக்கிறது என்பதும் சீக்கிரம் தெரிந்துவிட்டது. கேசட் போடுவதற்கு முன்னால் நாங்கள் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்று சேதி சொல்ல ஆரம்பித்தோம். இன்னாருக்குப் பையன் பிறந்திருக்கிறான், இன்னார் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள், கரகாட்டக்காரர் தெருவில் குழாய் வந்துவிட்டது. சுடலைமுத்து மகளுக்கு நிச்சயம் ஆன வாரம் டிரம்பெட் தன் பங்கை முடித்த பிறகும் நிற்காமல் இரண்டு சுற்று அதிகம் ஊதியது, மாஸ்டர் அதைத் தடுக்கவில்லை. சாராள் டீச்சருக்குக் கண்ணில் சதை வளர்ந்து அறுத்த வாரம் முதல் வயலின்கள் அவ்வளவு அடங்கி வாசித்தன, நாங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டோம். யாரும் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. வெளியூர் மாப்பிள்ளைகள் வந்தால் முதலில் விளக்கிச் சொல்லுவோம், இரண்டாவது வாரத்தில் அவர்களும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பத்து வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறுகூட எப்சிபா தவறவில்லை. அவள் அக்கா லில்லி மதுரையில் இருந்தாள், அக்கா மகன் கல்யாணம் ஒரு திங்கட்கிழமை விழுந்தது, முந்தின நாள் கொட்டகையில் வாசித்துவிட்டுக் கடைசி பஸ் பிடித்துப் போய்த் தாலி கட்டுகிற நேரத்துக்கு நின்றாள். முதல் மூன்று வருஷத்துக்குப் பிறகு, அவளை மறுபடியும் கட்டிக்கொள்ள ஒரு வாத்தியார் கேட்டுவந்தார். நல்ல மனுஷன், சங்கரன்கோவிலில் வேலை. அவள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் தரையைப் பார்த்தோம், அவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருமுறை அவள் சாராள் டீச்சரிடம் சொன்னாளாம்: "டீச்சர், எனக்கு முப்பத்தாறு ஆயிட்டு. அவருக்கு இன்னும் இருபத்தொம்பதுதான். என் மெட்டு முடியுறதுக்குள்ள அவசரப்பட்டு வந்து விழுதாரு. முன்னால அது எனக்குப் பிடிச்சிருந்தது. இப்போ, கொஞ்சம் பொறுத்தா என்னன்னு தோணுது. சின்னப் பையனைப் பார்க்கிற மாதிரி இருக்கு."  டீச்சருக்கு அப்போது ஐம்பத்தாறு, மாஸ்டருக்கு இன்னும் ஐம்பத்தொன்றுதான்.

ஜாய்ஸுக்குப் பன்னிரண்டு வயதில் மூட்டுகள் வீங்கின. பள்ளிக்கூடப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு சனிக்கிழமை காலையில் உதடு நீலம் பாரித்துவிட்டது என்று எப்சிபா அவளை வாடகைக் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனாள், பெரிய ஆஸ்பத்திரியில் இருதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள், படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் நாலு மணி வந்தது. அவளிடமிருந்து சேதி எதுவும் இல்லை. வந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் பிச்சையா கேசட்டைப் போட்டான்.

பன்னிரண்டாம் நிமிஷத்தில் அவர்கள் அடங்கினார்கள். கிளாரினெட் சுரம் கொடுத்தது. நாங்கள் வாசலைப் பார்த்தோம். கால் மணிக்கொருதரம், பிறகு அரைமணிக்கொருதரம், கிளாரினெட் சுரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்குப் பிச்சையாவுக்குக் கை வரவில்லை. பாதியில் நிறுத்தினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று யாருக்குத் தெரியும். ஆறு மணி ஆனது, ஆராதனைக்கு ஒருவரும் போகவில்லை. கேசட்டின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, ஒரு பக்கத்து நாடா குறையவும் இல்லை, மறுபக்கத்து நாடா கூடவும் இல்லை. கரண்ட் போனபோது லாரி பேட்டரியைக் கொண்டுவந்து கட்டினான். திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போகிறவர்கள் போய்வந்தார்கள், உள்ளே அவர்கள் நாற்காலியில் உடம்பை மாற்றி மாற்றி உட்காருவது கேட்டது, யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ காலைத் தரையில் தேய்த்தார்கள். வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்று பேச்சியம்மாள் கேட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு மாற்றுத் துணி எடுக்க எப்சிபா பஸ்ஸில் வந்து இறங்கினபோது, நாங்கள் அவளை வீட்டுக்குப் போகவிடாமல் நேரே கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவள் முகத்தைக்கூடக் கழுவவில்லை. வாசித்தாள். அவர்கள் எழும்பினார்கள், ஆனால் அன்றைக்கு எல்லாரும் ரொம்பக் களைத்திருந்தார்கள், தாளம் இழுத்துக்கொண்டே போனது.

ஜாய்ஸ் எப்படி இருக்கிறாள் என்று நாங்கள் அதற்குப் பிறகுதான் கேட்டோம். இதை மறைத்துச் சொல்வதில் புண்ணியமில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும், திடீரென்று மூச்சு முட்டினால் அரைமணிக்குள் ஆஸ்பத்திரிக்குள் இருக்க வேண்டும், ஆபரேஷனும் தேவைப்படலாம், அதனால் மதுரையிலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லில்லி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கைக்குப் பாட்டு டீச்சர் வேலை பார்த்து வைத்திருந்தாள். எப்சிபா வீட்டைக் காலி செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும் பெண்கள் அவள் வீட்டில் கூடினார்கள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போயேன்" என்றாள் ஒருத்தி.

"எல்லா ஞாயித்துக்கிழமையும் அவளுக்கு மூச்சு சரியா இருக்கும்னு நீங்க சொல்வீயளா அக்கா?"

பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டி, நீ வாசிக்கலேன்னா எங்க வீட்டுக்காரருக்குச் சத்தமே இல்ல. தெரியும்லா? உன் இடத்துக்குப் பிறகுதான் அவுக ஊதுற இடமே வருது. ஒருதடவ போயிட்டாவ. மறுபடியும் போகணுமா?"

எப்சிபா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "எனக்கு இருக்கிறது ஒண்ணு, மைனி" என்று மட்டும் சொன்னாள்.

பிச்சையா ஒரு வழி கண்டுபிடித்தான். அவள் மெட்டைத் தனியாக ஒரு கேசட்டில் பிடித்து, அந்த இடம் வரும்போது இன்னொரு டெக்கில் ஓடவிடலாம். அவளும் சம்மதித்தாள். கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, நாலு தடவை அழித்து நாலு தடவை வாசித்து, ஒரு குறையும் இல்லாமல் பதிவானது. அந்த ஞாயிறு அவள் கொட்டகைக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். சரியான இடத்தில் பிச்சையா இரண்டாவது டெக்கை அழுத்தினான். அவள் வயலின் கொட்டகை முழுக்கக் கேட்டது. முடிந்தது. கிளாரினெட் பதில் சொல்லவில்லை. உள்ளே ஒருவரும் அசையவில்லை. மூன்று தடவை ஓடவிட்டோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு மாஸ்டர் தன் குச்சியால் ஸ்டாண்டின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார், ரிகர்சலில் யாராவது வராவிட்டால் தட்டுவாரே, அப்படி. பிச்சையா போய் அவளைக் கூட்டிவந்தான். வரும்போது அவன் அழுதுகொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு சாமான்களெல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டன. ஜாய்ஸை அழைத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போவதாக இருந்தாள். நாலு மணிக்கு மகளோடு கொட்டகைக்கு வந்தாள், வந்தவள் முக்காலியில் உட்காரவில்லை, எங்களோடு வலது ஸ்பீக்கருக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வயலின் பெட்டி அவள் காலடியில் பூட்டியபடி இருந்தது. வழக்கம்போல் சேதி சொல்லுகிறவர்கள் சொன்னார்கள்.  கேசட் ஓடியது. பன்னிரண்டாம் நிமிஷம் வந்தது. அவர்கள் அடங்கினார்கள்.

கிளாரினெட் சுரம் கொடுத்தது. அவள் குனிந்து பெட்டியை எடுப்பாள் என்று நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் கொடுத்தது.

எப்சிபா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள், அடுப்படியிலிருந்து கூடத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில்.

"நான் வாசிக்கலைங்க. ஜாய்ஸுக்கு உடம்பு சரியில்ல. நெஞ்சுல கோளாறு. அன்னைக்கு ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சுதுல்லா, அவளுக்குப் பன்னெண்டு ஆயிட்டு. உங்க உயரம் வருவா. நாங்க மதுரைக்குப் போறோம், இனிமே வர முடியாது. நீங்க பக்கத்துல உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கீங்க. நீங்களே எடுத்துக்கோங்க."

பத்து வருஷத்தில் யார் யார் வீட்டுச் சேதியையோ அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். குழாய் வந்ததைச் சொல்லியிருந்தோம், கன்று போட்டதைச் சொல்லியிருந்தோம். எப்சிபாவைப் பற்றி ஒரு சேதியும் நாங்கள் சொன்னதில்லை, அவளும் வாசிக்கிறவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டோம்.

ஸ்பீக்கருக்குள் விசிறி மட்டும் ஓடியது. பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு காகிதம் உரசும் சத்தம் கேட்டது, ஒரு ஸ்டாண்டிலிருந்து எடுத்து இன்னொரு ஸ்டாண்டில் வைப்பதுபோல. மாஸ்டர் தொண்டையைச் செருமினார். கிளாரினெட் அவள் மெட்டை எடுத்தது.

நன்றாக இல்லை. அது வயலினுக்கு எழுதியது, ஊதுகிறவனுக்கு மூச்சு விட அதில் இடமே கிடையாது. முதல் வரியை எப்படியோ கடந்தான். இரண்டாம் வரியில் மேலே ஏறுகிற இடத்தில் தப்பான சுரத்தைத் தொட்டு நின்றுவிட்டான். திரும்ப வரியின் தொடக்கத்துக்கு வந்தான். அதே இடத்தில் மறுபடியும் தப்பினான். எப்சிபாவின் இடது கை விரல்கள் மடியில் சேலையின்மேல் அந்தச் சரியான இடத்தை அழுத்திக்கொண்டிருந்தன, பக்கத்தில் இருந்த நாங்கள் அதைப் பார்த்தோம். ஒரு சுரம். பெட்டியைத் திறந்து ஒரு சுரம் வாசித்துக் காட்டினால் போதும். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் நினைத்தோம், ஜாய்ஸ்கூட அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

எப்சிபா அந்தக் கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது முறை அவன் அவசரப்படவில்லை. ஏறுகிற இடத்துக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு எடுத்தான், நாங்கள் கேட்டதிலேயே நீளமான மூச்சு அது, பிறகு போய்ச் சரியான சுரத்தைத் தொட்டு, அதிலேயே கொஞ்ச நேரம் நின்று, மெட்டை முடித்தான். பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தை அவர்கள் காலியாகவே விட்டுவிட்டு, ஒரு தாளம் பொறுத்து, பதினேழு பேரும் எழும்பினார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் எப்சிபா எழுந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் மகள். ஜாய்ஸுக்கு வேகமாக நடக்க முடியாது என்பதால் அவர்கள் மெதுவாகவே போனார்கள், நாங்கள் கால்களை மடக்கி, நாற்காலிகளை இழுத்து வழி விட்டோம். வாசல்வரை போய்ச்சேர அவ்வளவு நேரம் ஆனது. சுடலைமுத்துவின் டிரம்பெட் தொடங்கியபோது பேச்சியம்மாள் அந்தப் பக்கம் காதைக் கொடுக்காமல், வெளியே, வெயிலில் நின்று நின்று பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற அந்த இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.